வட்டார வள மையத்துக்குப் புலன் பயிற்சிப் பொம்மைகள்: எதை வாங்குவது, எதைச் செய்துகொள்வது?

#1 மலர்_சிறப்பாசிரியர்

வணக்கம். எங்கள் வட்டார வள மையத்தின் தெரபி அறைக்குப் பொம்மை வாங்க 8,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். வருகிற பிள்ளைகள் ஏழு பேர், 4 முதல் 9 வயது வரை. ஆட்டிசம் உள்ளவர்கள் மூவர். அதில் 7 வயதுப் பையன் ஒருவன் கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைப்பான். மூளை முடக்குவாதம் உள்ள 6 வயதுச் சிறுமி ஒருத்தி. விரலால் எதையும் பிடிக்க முடியாது, ஆனால் தலையை வலப்பக்கம் நன்றாகத் திருப்புவாள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் இருவர். இன்னொருவனுக்கு 5 வயது. மூளைசார் பார்வைக் குறைபாடு, கூடவே வலிப்பும் உண்டு.

கடைக்காரர் 24 பொருள் அடங்கிய "சென்சரி கிட்" ஒன்றுக்கு விலைப்புள்ளி அனுப்பியிருக்கிறார். பாப்-இட் (குமிழிகளை அமுக்கி விளையாடும் ரப்பர் பலகை), விளக்கு எரியும் முள் பந்து, ஸ்பின்னர், தண்ணீரில் ஊறும் மணிகள், எடை வைத்த மடிப்பை (மடியில் வைக்கும் எடைப் பை), கடிக்கும் சங்கிலி எல்லாம் அதில் உண்டு. மொத்தப் பணமும் அதற்கே போய்விடும். வாங்கலாமா?

#2 ஓடி_கயல்

வேண்டாம் மேடம். 24 பொருளில் உங்கள் பிள்ளைகளுக்கு ஐந்தாறு ஒத்துவந்தால் பெரிது. அதிலும் இரண்டு பொருள் அறைக்குள்ளேயே வரக்கூடாதவை. அதைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள்.

வாங்குவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள் போடுங்கள். மூன்று நாள், நாளுக்குப் பத்து நிமிடம், எதுவும் சொல்லிக் கொடுக்காமல் பாருங்கள். தாளில் மூன்று பத்தி: பொருள் கையில் வருவதற்கு முன் எப்படி இருந்தான், வைத்திருக்கும்போது எப்படி, எடுத்த பிறகு பத்து நிமிடம் எப்படி. பலரும் நடுப்பத்தியை மட்டும் பார்த்துவிட்டு "பிடித்திருக்கிறது, சிரிக்கிறான்" என்று முடிவு கட்டுகிறார்கள். மூன்றாவது பத்தியில்தான் விஷயமே இருக்கிறது. சுற்றும் பலகையில் ஐந்து நிமிடம் சிரித்த பிள்ளை இறங்கியபின் பாயில் உட்கார முடியாமல் ஓடினால், அந்தப் பலகை அவனை அமைதிப்படுத்தவில்லை, கிளப்பிவிட்டிருக்கிறது. அதைப் பாடத்துக்கு முன் கொடுக்கக் கூடாது. சோர்ந்து கிடக்கும் பிள்ளைக்கு அதே பலகை பொருந்தலாம்.

பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: "இது யாருக்கு, எந்த வேலைக்கு." உதாரணம்: "காலை வட்டத்தில் ஐந்து நிமிடம் உட்கார, மடியில் வைக்க." அந்த ஒரு வரியை எழுத முடியாத பொருளை வாங்காதீர்கள்.

கடைக்காரர் தாளில் "ஆட்டிசம் குறையும்", "மூளை வளரும்" என்று போட்டிருந்தால் நம்ப வேண்டாம். தொடுதல், அசைவு போன்ற புலன் செய்திகளை மூளை ஒன்றுசேர்ப்பதைப் பற்றிய புலன் ஒருங்கிணைப்புக் கொள்கையை 1970களில் முன்வைத்தவர் ஜீன் ஏயர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (ஓ.டி., அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்). அதையொட்டிய சிகிச்சைகளுக்கு ஆதாரம் போதாது என்று பெற்றோரிடம் சொல்லுங்கள் என அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012இலேயே மருத்துவர்களுக்கு எழுதியது. நானும் இந்தத் தொழிலில் இருப்பவள்தான். அதனால் பொம்மை உதவாது என்று சொல்லவில்லை. இலக்கு சின்னதாக, கண்ணால் பார்த்து எண்ணக்கூடியதாக இருக்க வேண்டும். ஆறு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் பொருளை மாற்றுங்கள்.

#3 குழந்தைநல_செவிலியர்

ஊறும் மணிகளை உடனே பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். கடுகு அளவில் இருக்கும். தண்ணீரை உறிஞ்சிக் கோலிக்குண்டு அளவுக்கும் அதற்கு மேலும் பெருக்கும். விழுங்கினால் குடலுக்குள் பெருத்து அடைப்பை உண்டாக்கும். எக்ஸ்ரேயில் தெரியாது என்பதால் கண்டுபிடிக்கவும் தாமதமாகும். மூக்கிலோ காதிலோ போனால் அங்கேயே ஊறிவிடும். அமெரிக்காவில் 2023 டிசம்பரில் அமேசான், வால்மார்ட், டார்கெட் மூன்றும் குழந்தைகளுக்கென்று இவற்றை விற்பதை நிறுத்தின. வாயில் வைக்கும் பையன் இருக்கும் அறையில் "பார்த்துக்கொள்வோம்" என்பதே கிடையாது. தரையில் உருண்டு போன ஒரு மணி போதும்.

விளக்கு எரியும் முள் பந்துக்குள் பெரும்பாலும் பட்டன் பேட்டரி இருக்கும். சி.ஆர். 2032 போன்ற 20 மி.மீ. லித்தியம் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை எரித்துவிடும். பேட்டரி மூடி திருகாணி போட்டு மூடியதா என்று பாருங்கள். ரப்பர் கிழிந்தாலே பேட்டரி வெளியே வரும் பந்துகளை வாங்கவே கூடாது. விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்; வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட, விழுங்கத் தடையில்லாத பிள்ளையென்றால் போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 10 மி.லி. தேன், அதிகம் ஆறு முறை கொடுக்கலாம். பேட்டரி உள்ளே போய் 12 மணி நேரத்துக்குள் என்றால்தான் இது. தேனைத் தேடிக்கொண்டு கிளம்பத் தாமதிக்காதீர்கள்.

வலிப்புள்ள பையனுக்கு மின்னும் விளக்கு எதுவும் வேண்டாம். நொடிக்கு 3 முதல் 30 முறை மின்னும் ஒளிதான் ஒளியால் தூண்டப்படும் வலிப்பைப் பெரும்பாலும் கிளப்புகிறது. விலை குறைந்த எல்.இ.டி. பொம்மைகள் பலவும் அந்த வேகத்தில்தான் மின்னுகின்றன. எல்லா வலிப்பும் ஒளியால் வருவதில்லை, ஆனாலும் அவன் நரம்பியல் மருத்துவர் "பரவாயில்லை" என்று சொல்லும்வரை நிலையாக எரியும் விளக்கு மட்டும் போதும்.

#4 அம்மா_செல்வி

அக்கா, மணிகளுக்குப் பதிலாக என்ன வைப்பது? என் மகளுக்குக் கையை உள்ளே விட்டு அளைவதுதான் பிடிக்கும். பருப்பு, குன்றிமணி, புளியங்கொட்டை போட்டு ஒரு தொட்டி செய்யலாமா?

#5 குழந்தைநல_செவிலியர்

குன்றிமணி கூடவே கூடாது. அழகாக இருக்கிறது, பழைய விளையாட்டுச் சாமான் என்று நிறையப் பேர் எடுக்கிறார்கள். அந்த விதையின் நஞ்சு மிகக் கடுமையானது. மென்றாலோ உடைந்தாலோ வெளிவரும். ஆமணக்கு விதையும் அப்படித்தான். வாயில் வைக்காத பிள்ளைக்குப் புளியங்கொட்டை சரி, ஆனால் எண்ணி வைத்து எண்ணி எடுங்கள். பருப்பு மூக்கில் போனால் ஊறிப் பெருக்கும், அதனால் அதைத் தவிர்ப்பது நல்லது.

வாயில் வைக்கும் பிள்ளைக்கு உணவையே பொருளாக்குங்கள். வேகவைத்து ஆறிய ஜவ்வரிசி, வேகவைத்த சேமியா, உப்புப் போடாத சப்பாத்தி மாவு, ராகிக் களி. விழுங்குவதில் சிரமம் உள்ள பிள்ளையென்றால் பேச்சுப் பயிற்சியாளரைக் கேட்டபின்தான் இவையும். இணையத்தில் எல்லோரும் போடும் "ப்ளே டோ" செய்முறையில் இரண்டு கப் மைதாவுக்கு ஒரு கப் உப்பு. அது கெடாமல் இருக்கத்தான் அவ்வளவு உப்பு. அதை ஒரு பிள்ளை பிட்டுப் பிட்டுத் தின்றால் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு ஏறும். வாயில் வைக்காதவர்களுக்கு மட்டும் அந்த மாவு.

#6 ஓடி_கயல்

கடிக்கிற பையனைப் பற்றி. கடிபொருள் வாங்குவதற்கு முன் இரண்டைப் பார்த்துவிடுங்கள்: சொத்தைப் பல் இருக்கிறதா, இரத்தச் சோகை இருக்கிறதா. மண், சாந்து, காகிதம் தின்னும் பழக்கத்துக்கும் இரும்புச் சத்துக் குறைவுக்கும் தொடர்பு உண்டு. மருத்துவப் பரிசோதனையில் தீர வேண்டியதைப் பொம்மையால் தீர்க்க முடியாது.

அடுத்து, ஒரே வார்ப்பில் செய்த உணவுத்தர சிலிக்கோன் எடுங்கள். ஒட்டு, துளை, உள்ளே சத்தம் போடும் மணி எதுவும் இருக்கக் கூடாது. கடியின் பலத்துக்கு ஏற்ப மென்மை, நடுத்தரம், கடினம் என்று மூன்று தரத்தில் வரும். சட்டைக் காலரை ஈரமாக்கும் அளவுக்கு மட்டும் சப்புபவனுக்கு மென்மையானது, பென்சிலைப் பிளப்பவனுக்குக் கடினமானது. மென்மையானதைப் பலமாகக் கடிப்பவனிடம் கொடுத்தால் சில நாளில் துண்டு பிய்ந்து தொண்டைக்குப் போகும். தினமும் காலையில் இழுத்து, வளைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். பல்தடம் கீறலாக மாறியிருந்தால் அன்றைக்கே தூக்கிப் போடுங்கள். பின்கடைவாய்ப் பல்லுக்கு எட்டும் நீளம் வேண்டும்; முன்பல்லால் மட்டும் கடித்தால் தாடைக்கு அழுத்தம் போய்ச் சேராது, அவன் மறுபடி சட்டையைத்தான் தேடுவான்.

கழுத்துச் சங்கிலி என்றால் இழுத்தால் தானே கழன்றுவிடும் கொக்கி இருக்க வேண்டும். ஊஞ்சல், சறுக்கு எதிலும் அதைப் போட்டுக்கொண்டு ஏறவிடாதீர்கள். அதைவிட மணிக்கட்டில் மாட்டுவது நல்லது.

எடை மடிப்பை: உடல் எடையில் 5 விழுக்காட்டிலிருந்து ஆரம்பியுங்கள், 10 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம். 16 கிலோ பிள்ளைக்கு 800 கிராம். இதை வாங்கவே வேண்டாம்: அலசி வெயிலில் காயவைத்த மணலை நூறு நூறு கிராமாக இரட்டை ஜிப் கவரில் போட்டு, கட்டம் கட்டமாகத் தைத்த காடாத் துணிப்பையில் வையுங்கள். அரிசி போட்டால் வண்டு வரும். கட்டம் தைக்காவிட்டால் மணல் ஒரு மூலைக்குப் போய்ப் பை நழுவி விழும். உட்கார்ந்திருக்கும்போது மடியில் 15–20 நிமிடம், அவ்வளவே. அவனே தள்ளிவிட முடிய வேண்டும். நெஞ்சில், முகத்தில், தூக்கத்தில் கூடாது. எடைப் போர்வை தூக்கத்தைக் கூட்டும் என்று விற்கிறார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இங்கிலாந்தில் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில் தூக்க நேரம் கூடவில்லை. பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பிடித்திருந்தது என்பது மட்டும் தெரியவந்தது.

#7 பார்வை_பயிற்றுநர்

5 வயதுப் பையனுக்கு வாங்க அதிகம் இல்லை, சமையலறையில் பாதி இருக்கிறது. மூளைசார் பார்வைக் குறைபாட்டில் கண் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பார்த்ததை மூளை பிரித்துப் புரிந்துகொள்வதில்தான் தடை. பல வண்ணப் பொம்மையும் பூப்போட்ட பாயும் சேர்ந்தால் அவனுக்கு எல்லாம் ஒரே கலங்கல்.

கறுப்புத் துணி விரியுங்கள். அதன்மேல் ஒரே நிறப் பொருள் ஒன்று, சிவப்பு அல்லது மஞ்சள். எவர்சில்வர் டம்ளர், பளபளக்கும் சம்கித் துணி போன்றவை இன்னும் எளிதில் கண்ணில் படும், மெதுவாக அசைத்தால் மேலும் நல்லது. முகத்திலிருந்து ஒன்றிலிருந்து ஒன்றரை அடிக்குள், அவன் எந்தப் பக்கம் நன்றாகப் பார்க்கிறானோ அந்தப் பக்கம். ஜன்னல் அவனுக்கு முதுகுப்புறம் இருக்கட்டும். காட்டிவிட்டுப் பேசாமல் காத்திருங்கள். திரும்பிப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகலாம். "பாரு பாரு" என்று சொன்னாலோ பொம்மை பாட்டுப் பாடினாலோ காது வேலை செய்யும், கண் நின்றுவிடும். பார்த்துக்கொண்டே கை நீட்ட முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கை நீட்டுவான். அதை அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

டென்மார்க்கைச் சேர்ந்த லில்லி நீல்சன் இத்தகைய பிள்ளைகளுக்காக உருவாக்கிய இரண்டு பொருள்களை உள்ளூர்த் தச்சரே செய்துவிடலாம். ஒன்று ஒலிப்பலகை: 4 மி.மீ. பிளைவுட், 4 அடிக்கு 4 அடி, அடியில் விளிம்பு நெடுக 2 செ.மீ. ரீப்பர். நடுவில் தாங்கல் எதுவும் வைக்கக் கூடாது. வைத்தால் அதிர்வு செத்துவிடும். தச்சர் "வளையும் சார்" என்று சொல்லி தடிமனான பலகை போடுவார், ஒத்துக்கொள்ளாதீர்கள். முனைகளை உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்க்கச் சொல்லுங்கள். பிள்ளை அதன்மேல் படுத்துக் கரண்டியைத் தட்டினால் முதுகு முழுக்க அந்த ஒலி தெரியும். நான் செய்தேன், அது நடந்தது என்ற தொடர்பு அங்கேதான் பிடிபடும்.

மற்றொன்று சிற்றறை. பி.வி.சி. குழாய்ச் சட்டத்தில் சிரட்டை, சாவிக்கொத்து, கரண்டி, நார்ப் பிரஷ் என்று தொங்கவிடுவது. முக்கியம்: விட்டால் அதே இடத்துக்குத் திரும்பி வருமாறு குட்டையான எலாஸ்டிக்கில் கட்டுவது. நேற்று இருந்த இடத்தில் இன்றும் இருந்தால்தான் தேடிப் பிடிக்கக் கற்பான். வாரம் தோறும் எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள், ஒன்றிரண்டு மட்டும் மாற்றுங்கள். எலாஸ்டிக் விரலில் சுற்றும் என்பதால் ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

#8 சால்டரிங்_மணி

விரல் பிடிமானம் இல்லாத சிறுமிக்கு மிச்சப் பணத்தில் பெரும்பங்கைச் செலவிடுங்கள் என்பேன். மற்றவர்கள் எடுத்து விளையாடுவார்கள். அவளால் எடுக்க முடியாது, அவளுக்கு யாராவது ஆட்டிக் காட்டுவார்கள். தலையைத் திருப்பத் தெரிகிறது என்கிறீர்கள். அது போதும், ஒரு சுவிட்ச் போதும்.

கடையில் சாதாரண பேட்டரி பொம்மை ஒன்று வாங்குங்கள்: குதிக்கும் நாய், ஓடும் ரயில், குமிழி விடும் இயந்திரம் ஏதாவது. நிபந்தனை: நழுவும் ஆன்-ஆஃப் சுவிட்ச் இருக்க வேண்டும், ஆன் செய்தால் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வயிற்றை அழுத்தினால் பத்து நொடி பாடும் வகை இதற்கு ஆகாது. மின்சாரத்தை வெட்டித் திரும்பக் கொடுத்தாலும் அது தானாகத் தொடங்காது.

தேவை: இரண்டு பக்கமும் செம்பு பூசிய மெல்லிய பி.சி.பி. (மின்சுற்று) அட்டைத் துண்டு, ஒரு அடி நீள மெல்லிய இரட்டை வயர், 3.5 மி.மீ. மோனோ சாக்கெட் (ஹெட்போன் செருகும் துளை போன்றது), அதற்கான மோனோ பிளக், காலிங் பெல் சுவிட்ச் ஒன்று, அதற்கு மூன்றடி வயர்.

அட்டையை டபுள்-ஏ பேட்டரிக்கு 12 மி.மீ., டிரிபிள்-ஏவுக்கு 8 மி.மீ. வட்டமாக வெட்டுங்கள். விளிம்பை அரத்தால் தேயுங்கள்; செம்புப் பிசிர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தொட்டால் பொம்மை எப்போதும் ஓடும். பக்கத்துக்கு ஒரு வயர் விளிம்போரமாகச் சால்டர் செய்யுங்கள். நடுவில் ஈயம் மேடிட்டால் பேட்டரி உட்காராது. மல்டிமீட்டரில் இரு பக்கமும் வைத்துப் பார்த்தால் பீப் வரக் கூடாது. வயரின் மறுமுனையைச் சாக்கெட்டில் சேருங்கள். ஒரு பேட்டரியின் முனைக்கும் பொம்மையின் தகட்டுக்கும் நடுவில் அட்டையைச் செருகுங்கள். மூடியின் ஓரத்தில் அரத்தால் சின்ன வழி போட்டு வயரை வெளியே எடுங்கள், இல்லாவிட்டால் மூடி அழுத்தி வயர் அறுபடும். பிறகு பொம்மையை ஆன் செய்துவிடுங்கள். இனி அது சுவிட்ச் சொன்னால்தான் ஓடும்.

காலிங் பெல் சுவிட்ச் அழுத்தும்போது மட்டும் இணையும் வகை, அதனால்தான் அது. பொத்தான் சின்னதாக இருக்கும், 8 செ.மீ. பிளாஸ்டிக் மூடி ஒன்றை அதன்மேல் ஒட்டிவிடுங்கள். நாற்காலியின் தலைச்சாய்வில், வலப்புறம், கன்னத்துக்கு இரண்டு விரல்கடை தள்ளி வெல்க்ரோவில் மாட்டுங்கள். ஒட்டி வைத்தால் தலை ஓய்வாகச் சாயும்போதெல்லாம் பொம்மை ஓடும், அவள் செய்தாளா தானாக நடந்ததா என்று அவளுக்கே தெரியாது. பேட்டரியில் ஓடும் பொம்மைக்கு மட்டும் இது. வீட்டு மின்சாரத்தில் ஓடுவதையோ சார்ஜ் ஏற்றும் லித்தியம் பேட்டரியையோ தொடாதீர்கள்.

#9 அறிவழகன்_வாங்குதல்

ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமா? மர பொம்மைகளில் அது இருப்பதில்லையே?

#10 தரநிலை_ராஜன்

கட்டாயம். பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2020, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மின்சாரம் இல்லாதவற்றுக்கு ஐ.எஸ். 9873, மின் பொம்மைக்கு ஐ.எஸ். 15644. பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்வதற்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு. கர்நாடகத்தின் சன்னபட்டணா மர பொம்மையில் முத்திரை இல்லாததற்குக் காரணம் இதுதான். விலக்கு என்றால் சோதிக்கப்பட்டது என்று பொருள் அல்ல. ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் திருப்பிக் கொடுங்கள்.

இன்னொன்று. அட்டையில் "3 வயதுக்கு மேல்" என்றிருப்பது வாயில் வைப்பதை நிறுத்திவிட்ட பிள்ளையை நினைத்து எழுதியது. மலர் மேடம் சொன்ன 7 வயதுப் பையனுக்கு அது பொருந்தாது. அவனுக்கு 3 வயதுக்குக் கீழ் விதியைத்தான் பார்க்க வேண்டும். சிறு பாகங்களை அளக்கும் உருளையின் விட்டம் 31.7 மி.மீ.; அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் அவன் கைக்குப் போகக் கூடாது. பந்துக்கு அளவு இன்னும் பெரிது, 44.5 மி.மீ. டேபிள் டென்னிஸ் பந்து 40 மி.மீ. என்பதால் அதுவும் ஆகாது. அவன் வாயும் தொண்டையும் சிறு குழந்தையுடையதைவிடப் பெரியவை என்பதால் இந்த அளவுகளுக்கு மேலும் கொஞ்சம் தாராளமாகவே எடுங்கள்.

#11 ஓடி_கயல்

விட்டுப்போனவை இரண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குக் கழுத்தின் உச்சியிலுள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிணைப்பு தளர்ந்திருக்கலாம். டிராம்போலின், குட்டிக்கரணம், தலைகீழாகத் தொங்குவது வேண்டாம். ஆறு வயதுக்குக் கீழ் டிராம்போலின் எந்தப் பிள்ளைக்குமே கூடாது. நடை மாறினால், கழுத்தைச் சாய்த்தே வைத்திருந்தால், சிறுநீர்க் கட்டுப்பாடு புதிதாகப் போனால் உடனே மருத்துவர்.

ஊஞ்சலை ஃபேன் கொக்கியில் மாட்டாதீர்கள். அது அசையாத சில கிலோவுக்குப் போட்டது. ஆடும் பிள்ளையின் இழுவிசை அவன் எடையைவிடப் பல மடங்கு. இப்போதைக்கு ஜமுக்காளம் போதும்: இரண்டு பெரியவர்கள் நான்கு மூலையையும் பிடித்து, கீழே மெத்தை போட்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரே திசையில் மெதுவாக ஆட்டுங்கள். மெதுவான, சீரான ஆட்டம் அமைதிப்படுத்தும். சுழற்றலும் வெட்டி இழுப்பதும் கிளப்பிவிடும். முகம் வெளுத்தாலோ வியர்த்தாலோ திரும்பத் திரும்பக் கொட்டாவி விட்டாலோ நிறுத்துங்கள். வாந்தி சில நேரம் மணிக்கணக்கில் கழித்தும் வரும்.

சென்னை அருகே முட்டுக்காட்டில் இருக்கும் நிப்மெட் (பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான மத்திய அரசு நிறுவனம்) நிறுவனத்தின் புலன் பயிற்சி அறையை முன்கூட்டி எழுதிக் கேட்டுப் பாருங்கள். எது பயன்படுகிறது, எது மூலையில் கிடக்கிறது என்று ஆசிரியர்களிடமே விசாரிக்கலாம்.

#12 மலர்_சிறப்பாசிரியர்

கிட் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போதைய பட்டியல்: கடிபொருள் கடினத்தரம் இரண்டு, மணல் மடிப்பை மூன்று அளவில், ஒலிப்பலகை, சிற்றறைச் சட்டம், குமிழி இயந்திரம், குதிக்கும் நாய், கறுப்புத் துணி, ஜமுக்காளம், மெத்தை. பணம் மிஞ்சுகிறது, அதை உடைந்ததை மாற்ற வைத்துக்கொள்கிறோம்.

மணி அண்ணா, எலெக்ட்ரீஷியன் தம்பி நீங்கள் சொன்னபடி அட்டை செய்தார். பீப் வரவில்லை, சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சாக்கெட்டில் சேர்த்தபின் சுவிட்ச் செருகாமலே நாய் குதிக்கிறது, பிளக்கைச் செருகினால் நின்றுவிடுகிறது. பொத்தானை அழுத்தினாலும் அசையவில்லை.

#13 சால்டரிங்_மணி

சாக்கெட்டில் மூன்று கால் இருக்கும், பாருங்கள். ஒன்று உடல் பகுதி, ஒன்று நுனி, மூன்றாவது பிளக் இல்லாதபோது மட்டும் நுனியைத் தொட்டுக்கொண்டிருக்கும் கால். தம்பி நுனிக்கும் மூன்றாவதுக்கும் வயர் கொடுத்திருக்கிறார். பிளக்கைச் செருகாமல் மல்டிமீட்டரில் பாருங்கள்: எந்த இரண்டு கால்களுக்கு இடையே பீப் வருகிறதோ அவை நுனியும் மூன்றாவதும், தனித்து நிற்பது உடல். இப்போது பிளக்கைச் செருகி, பிளக்கின் நுனியோடு எந்தக் கால் பீப் தருகிறதோ அதில் ஒரு வயர், தனித்து நின்ற காலில் மற்றொரு வயர். மூன்றாவது காலை வெட்டிவிடுங்கள், மடங்கி வேறெதையும் தொடாது.

நாய் குதித்தபின் அந்தச் சிறுமி தலையைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவரப் பத்துப் பதினைந்து நொடி ஆகலாம். அதுவரை யாரும் அவள் தலையைப் பிடித்து நேராக்க வேண்டாம் என்று அறையில் உள்ள எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்.